‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொல் வேண்டும்?

இரவுப்பறவை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஒரு கைபேசிச் செயலியின் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையில் கொடுத்த சொற்பட்டியலில் ‘ரன்’ என்றால் ‘இயக்கு’. எங்கே வந்தாலும் இதையே போட வேண்டும் என்று குறிப்பு வேறு. பொத்தானில் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருவதைப் பாருங்கள்:

ரன் அவுட் ஆஃப் ஸ்பேஸ். ரன் இன்டு அ பிராப்ளம். பேட்டரி இஸ் ரன்னிங் லோ. டிரையல் ரன். ரன்னிங் டோட்டல். ரன்ஸ் இன் த பேக்கிரவுண்ட்.

எல்லாவற்றிலும் ‘இயக்கு’ போட்டுப் படித்துப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. இடம் தீர்ந்தது, சிக்கல் வந்தது, சார்ஜ் குறைகிறது, வெள்ளோட்டம் என்று தனித்தனியாக எழுதினால் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்தச் சொல் எங்கே பிறந்து எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு பிடி கிடைத்தால் வாதாட வசதியாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ‘ரன்’களைக் கொட்டுங்கள்.

அகராதிப்புழு

பிடித்தாலும் பிடித்தீர்கள், புளியங்கொம்பாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் தேறியதாக 2011ல் செய்தி வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு பதிவோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430 பொருள் சொச்சம். கிரிக்கெட் ரன், வங்கி ரன் போன்ற பெயர்ச்சொற்கள் அந்த 645க்குள் வராது, அது தனிப் பதிவு.

இப்படிப் பெருகியதற்கு இயந்திரங்கள் ஒரு முக்கியக் காரணம். எஞ்சின், ரயில், ஆலை, கடிகாரம் என்று வரிசையாக வந்தபோது அவை செய்வதைச் சொல்ல ஆங்கிலேயர் புதுச் சொல் தேடவில்லை. காலால் ஓடுவதற்கு இருந்த சொல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு கணினி வந்தபோது அதே சொல் நிரலுக்கும் போனது. உங்கள் பொத்தான் அந்த வரிசையில் கடைசி ஆள்.

மூன்றாம்நடுவர்

எனக்குத் தெரிந்த ரன் கிரிக்கெட்டில்தான். அதிலும் ஒரு வேடிக்கை: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் நாலு ரன். அந்த நாலுக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. ஓடாமல் கிடைப்பதற்கும் பெயர் ஓட்டம்! பழைய காலத்தில் ஒரு குச்சியில் வெட்டுப் போட்டுத்தான் கணக்கு வைத்தார்கள். அப்போது ரன்னுக்கே ‘நாட்ச்’ என்று, அதாவது வெட்டு என்றுதான் பெயர். அதுவே நிலைத்திருந்தால் இன்றைக்கு ‘விராட் 82 வெட்டு’ என்று ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்போம்.

வெள்ளவத்தை

எங்கள் பத்திரிகைகளில் இன்னமும் ‘ஓட்டங்கள்’தான் அண்ணா. ‘இலங்கை அணி 7 விக்கெட் இழப்புக்கு 241 ஓட்டங்கள்’ என்று போடுவார்கள். தமிழ்நாட்டுப் பேப்பரில்தான் ‘ரன்கள்’. சின்ன வயதில் இந்தியச் சஞ்சிகையைப் படித்து, ரன் வேறு ஓட்டம் வேறு என்றே நினைத்திருந்தேன்.

நடுநிலையான்

அகராதிப்புழு சார், 645க்கும் 430க்கும் போட்டி வைப்பதே சரியில்லை. மூன்றாம் பதிப்பு வேலையை அவர்கள் முதல் எழுத்திலிருந்து தொடங்கவில்லை. ‘எம்’மில் தொடங்கி முன்னே போனார்கள். 2011ல் ‘ஆர்’ முடிந்திருந்தது, ‘எஸ்’ இன்னும் வரவில்லை. அதாவது புதிதாகத் தூசி தட்டிய ‘ரன்’னை, பழைய கணக்கிலேயே கிடந்த ‘செட்’டோடு ஒப்பிடுகிறோம். செட்டையும் அதே கையால் பிரித்தால் எவ்வளவு தேறும் என்று யார் கண்டது?

இன்னொன்று. பொருளை எண்ணுவது என்பதே ஆசிரியர் கத்தியை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆறு ஓடுவது ஒரு பொருள், குழாயில் தண்ணீர் ஓடுவது இன்னொரு பொருள், மூக்கு ஓடுவது மூன்றாவது என்று பிரிக்கலாம். திரவம் எது ஓடினாலும் ஒன்றுதான் என்று சேர்த்தும் வைக்கலாம். நம் ‘ஓடு’வை எடுத்துக்கொண்டு ஒருவர் ஒன்பது மாதம் உட்கார்ந்தால் அதுவும் சும்மா விடாது.

ஆலமரத்தடி

உட்கார வேண்டாம், நின்றபடியே சொல்கிறேன். பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, படம் ஓடுது, பொழப்பு ஓடுது, நாள் ஓடுது, சுவரில் விரிசல் ஓடுது. அவன் மனசுல என்ன ஓடுதுன்னே தெரியலை. கணக்குப் பேப்பரைப் பார்த்ததும் மூளையே ஓடலை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போயிட்டாள். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பதில் கப்பல் ஓடுகிறது. நேற்று ராத்திரி நண்பனை வைத்து நாங்கள் ஓட்டிய ஓட்டு தனி.

இதில் முக்கால்வாசிக்கு ஆங்கிலத்திலும் ரன் போடலாம். லண்டனில் ஒரு துப்பறியும் நாடகம் 1952 நவம்பரில் ஆரம்பித்து, கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தும்வரை ஓடியது. அதற்கும் அவர்கள் சொல் ரன்தான். நம் ஊர் நூறு நாள் போஸ்டரை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்

ரயில்வேயைத் தொடாமல் இந்த இழையை மூடக் கூடாது. அப்பா கூட்ஸ் வண்டி ஓட்டியவர். எங்கள் வீட்டில் தமிழ்ச் சொல் எத்தனை புழங்கியதோ அத்தனை ‘ரன்னிங்’ புழங்கியது.

எஞ்சின் ஓட்டுபவர், உதவி ஓட்டுநர், கார்டு (2022லிருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்) எல்லாரும் ரன்னிங் ஸ்டாஃப். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் சேர்த்தி இல்லை, அவர் வண்டியோடு போவதில்லை. ஓடிய கிலோமீட்டருக்குத் தக்கபடி கிடைக்கும் படி ரன்னிங் அலவன்ஸ். சொந்த ஊரை விட்டு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பும் வண்டி வரும்வரை படுத்துத் தூங்குகிற இடத்துக்குப் பெயர் ரன்னிங் ரூம். ஜன்னலுக்குக் கனத்த திரை, வரிசையாகக் கட்டில், பகல் இரண்டு மணிக்கும் கும்மிருட்டு. நாலு பேர் குறட்டை விடுவார்கள். பள்ளிக்கூட நாளில் டிபன் கேரியர் கொடுக்கப் போவேன், வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும். ஒரு ஆளும் ஓடாத அறைக்கு அப்படி ஒரு பெயர்.

ஆனால் ஆங்கிலப்படி அது தப்பில்லை. வண்டி ஓடுவதோடு சேர்ந்தது எல்லாமே ‘ரன்னிங்’ ஆகிவிடுகிறது, மனிதன் உட்பட.

தையல்கடை தேவி

எங்கள் தொழிலில் இந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாள் போகாது. சேலை கொண்டுவருகிறவர்களிடம் முதல் கேள்வியே ‘ரன்னிங் பிளவுஸா, தனியாவா?’ சேலையின் கடைசியில் அதே துணியிலேயே விட்டு நெய்திருந்தால் ரன்னிங் பிளவுஸ். வெட்டி எடுத்துத் தைக்கணும். அப்புறம் ரன்னிங் ஸ்டிச், தமிழில் ஓட்டுத்தையல். ஊசியை மேலும் கீழுமாக நாலைந்து தரம் துணியில் ஏற்றி இறக்கிவிட்டு, ஒரே இழுப்பாக நூலை இழுப்போம். அதற்கு ஓட்டுத்தையல் என்று பெயர் வைத்தவர் கட்டாயம் ஊசி பிடித்த கைதான். ஆங்கிலத்தைப் பார்த்து வைத்த பெயரா, தானாக வந்ததா என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

சாயம் போவதற்கும் அவர்கள் ரன் என்பார்கள், ‘கலர்ஸ் வில் ரன்’. நமக்குச் சாயம் போகும், இறங்கும், பக்கத்துத் துணியில் ஏறும். இதில் ஒரு பெருமை நம் ஊருக்கு உண்டு. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைச் ‘சாயம் கட்டாயம் கசியும்’ என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றிருக்கிறார்கள். அந்த விளம்பரத்தில் மட்டும் ரன் இல்லை, ‘பிளீட்’ என்று ரத்தக் கணக்கில் போட்டார்கள்.

கொத்தனார் வீட்டுப் பையன்

தேவி அக்கா சொன்ன ரன்னிங்கும் நாங்கள் சொல்லும் ரன்னிங்கும் ஒன்றுதான். சமையல் மேடைக்குக் கிரானைட் போடும்போது ரன்னிங் அடியா சதுர அடியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 10 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள மேடை சதுர அடியில் 20, ரன்னிங் அடியில் 10. விலை ஒன்றுக்கு, அளவு இன்னொன்றுக்கு என்று போட்டுத் தலையில் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் கட்டிவிட்டுப் போனார், அதைப் பற்றி இங்கே வேண்டாம். இடைவிடாமல் நீளமாகப் போகிறது என்பதுதான் இந்த ரன்னிங்கின் பொருள். இரவுப்பறவை கேட்ட ‘ரன்னிங் டோட்டல்’ இந்தக் குடும்பம். வரிக்கு வரி கூட்டிக்கொண்டே போகும் தொகை.

வேர்ச்சொல் வேலு

எல்லாரும் நல்ல சரக்கு இறக்கியிருக்கிறீர்கள். தேவி அம்மாவின் ஓட்டுத்தையலில் இருக்கும் அந்த ‘ட்டு’வைக் கொஞ்சம் கவனிப்போம்.

தமிழில் வண்டி ஓடுகிறது, நான் வண்டியை ஓட்டுகிறேன். தானாக நடந்தால் ஓடு, நடத்திவைத்தால் ஓட்டு. ஆடு–ஆட்டு, வாடு–வாட்டு, கூடு–கூட்டு எல்லாம் இதே அச்சு. இயங்கு–இயக்கு, அடங்கு–அடக்கு இன்னொரு அச்சு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

ஆங்கிலத்திலும் இந்தப் பிரிவு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’ என்றால் ஓடு, வழிந்து ஓடு. ஓடச் செய்வதற்கு, குதிரையை விரட்டிப் போவதற்கு, ‘ஆர்னன்’ என்று வேறொரு வினை. அதன் பங்காளியான ஜெர்மனில் இன்றும் ‘ரின்னென்’ ஒழுகுவதற்கு, ‘ரென்னென்’ ஓடுவதற்கு. இந்த இரண்டாவதும் ஆதியில் ‘ஓட்டு’தான். ஆங்கிலம் காலப்போக்கில் இரண்டையும் ஒரே ‘ரன்’னுக்குள் தள்ளிவிட்டது. அதனால்தான் ‘த மெஷின் ரன்ஸ்’, ‘ஐ ரன் த மெஷின்’ என்று ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. கடையை ரன் பண்ணு, குளிக்கத் தண்ணீர் ரன் பண்ணு, பத்திரிகையில் செய்தி ரன் பண்ணு என்று அங்கே பொருள் பெருகியதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

சில இடங்களில் பழைய ஜோடி தப்பிப் பிழைத்திருக்கிறது. சிட்–செட், ரைஸ்–ரெய்ஸ், லை–லே. பாருங்கள், முன்னாள் சாம்பியன் ‘செட்’டே ‘சிட்’டின் பிறவினைதான். உட்கார வைப்பது.

இரவுப்பறவைக்கு என் யோசனை: ரன் வந்தால் முதலில் ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். ‘ரன்ஸ் இன் த பேக்கிரவுண்ட்’ என்றால் பின்னணியில் இயங்குகிறது. ‘ரன் த ஆப்’ என்றால் இயக்கு. இதையே ஒரே சொல்லால் எழுதச் சொன்னால் தமிழ் இலக்கணமே இடம் கொடுக்காது. அவர்களிடம் வாதாட இது போதும்.

வெள்ளவத்தை

> தானாக நடந்தால் ஓடு, நடத்திவைத்தால் ஓட்டு

வேலு ஐயா, எங்கட பக்கத்துக்கு இது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் ‘கார் ஓடத் தெரியுமோ?’ என்றுதான் கேட்பினம். சைக்கிள் ஓடினேன், பஸ் ஓடுறவர் என்பது சாதாரணப் பேச்சு. ‘ஓட்ட’ என்று சொன்னால் இந்தியாவில் இருந்து வந்தவரோ என்று பார்ப்பினம். தடிமன் பிடித்தால் ‘மூக்கால் ஓடுது’. அப்ப எங்கட ‘ஓடு’ ஆங்கில ‘ரன்’ மாதிரி இரண்டு பக்கமும் நிற்குதல்லவா?

வேர்ச்சொல் வேலு

நிற்கிறதுதான். பேச்சு வழக்கில் அப்படி இருப்பதை இலக்கணத்தைக் காட்டி மறுக்கும் ஆளில்லை நான். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடை ஓடுறன், மெஷின் ஓடுறன், கொம்பனி ஓடுறன் என்று சொல்வீர்களா? அல்லது ஏறி உட்கார்ந்து போகிற வாகனத்துக்கு மட்டுமா?

வெள்ளவத்தை

கடைக்குச் சொல்லமாட்டோம். கடை நடத்துறது. வாகனத்துக்குத்தான். ஏறி இருந்தால் நானும் அதோடு சேர்ந்துதானே ஓடுறன்!

வேர்ச்சொல் வேலு

அருமை. அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பிட்ஸ்பர்க் பெருமாள்

இங்கே அமெரிக்காவில் ரன்னுக்கு ஓடை என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வர்ஜீனியா, பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் வரைபடத்தைத் திறந்தால் ஏதோ ஒரு ‘ரன்’ நெளிந்துகொண்டிருக்கும். உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று நடந்த ‘புல் ரன்’. காளை எதுவும் ஓடவில்லை, அது வாஷிங்டனுக்கு மேற்கே இருக்கும் ஒரு ஓடையின் பெயர். வடக்குப் படை சண்டைகளுக்குப் பெரும்பாலும் பக்கத்து ஆறு, ஓடை பெயரை வைத்தது, தெற்குப் படை பக்கத்து ஊர்ப் பெயரை. அதனால் தெற்கில் அதே சண்டை ‘மனாசஸ்’. ஓடுவதால் ரன், ஓடுவதால் ஓடை. வேலு ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே தேர்தலுக்கும் ரன்தான். அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்வார்கள். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார்கள், அதாவது நிற்பார்கள். நாமும் பிரிட்டன் கட்சி, ‘எங்கள் தொகுதியில் யார் நிற்கிறார்?’ என்றுதான் கேட்போம்.

ஆலமரத்தடி

ஒரே வேலை, அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

மூன்றாம்நடுவர்

வங்கி ரன்னை யாராவது விளக்குங்கள். 2023ல் சிலிக்கன் வேலி வங்கி விழுந்தபோது எல்லாச் சேனலிலும் ‘பேங்க் ரன்’ என்றார்கள். வங்கி எங்கே ஓடியது?

அகராதிப்புழு

வங்கி ஓடாது, பணம் போட்டவர்கள் வங்கியை நோக்கி ஓடுவார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் போய்ப் போட்டதைத் திருப்பிக் கேட்டால் எந்த வங்கியாலும் தாங்க முடியாது, வாங்கிய பணத்தைக் கடனாகக் கொடுத்திருப்பார்கள். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் கியூ நின்றது, அதுகூடக் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டம். நீங்கள் சொன்ன வங்கியில் 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கக் கேட்டார்கள். பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே கணினியிலும் கைபேசியிலும். ஓடாமல் எடுக்கும் நாலு ரன் மாதிரி இதுவும் ஓடாத ரன்.

நடுநிலையான்

இதற்குத் தமிழில் ‘வங்கி ஓட்டம்’ என்று ஒரு பொருளாதாரக் கட்டுரையில் பார்த்தேன். படிக்கிறவருக்கு வங்கிக்காரர் பணத்தோடு தலைமறைவாகிவிட்டார் என்றுதான் படும், நம் ஊரில் அதுதானே வழக்கம். ‘மொத்தமாகப் பணம் எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வேண்டும் என்பவர்களுக்கு அது நீளம். தலைப்பில் அடங்காது.

நடுநிலையான்

தலைப்பில் அடங்கட்டும் என்று பொருளை விட்டுக்கொடுக்க முடியாது. உரையில் விளக்கமாக எழுதிவிட்டுத் தலைப்பில் வேறு வழி தேடுங்கள்.

தையல்கடை தேவி

இடையில் ஒரு சந்தேகம். முதல் பதிவில் ‘டிரையல் ரன்’னுக்கு வெள்ளோட்டம் என்று எழுதியிருந்தாரே, அது தேருக்குச் சொல்வதுதானே? எங்கள் ஊரில் புதுத் தேர் செய்து முடித்ததும் சாமி இல்லாமல் ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். அதை மென்பொருளுக்குப் போடலாமா?

வேர்ச்சொல் வேலு

தாராளமாக. புது ரயில், கப்பல் எல்லாவற்றுக்கும் செய்தித்தாள்காரர்கள் போட்டுப் பழகிவிட்டார்கள். உண்மையான வேலைக்கு முன்னால் வெறுமனே ஓட்டிப் பார்ப்பது என்ற பொருள் அச்சாகப் பொருந்துகிறது. பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை

எல்லாருக்கும் நன்றி. இன்று அவர்களோடு பேசினேன். வேலு ஐயா சொன்ன இயங்கு–இயக்கு வாதம் எடுபட்டது. பட்டியலில் ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது ஐந்து: இயக்கு, இயங்கு, தீர், வெள்ளோட்டம், திரள் தொகை. ‘ரன் இன்டு’ வருகிற இடங்களில் ரன்னையே மறந்துவிட்டு வாக்கியத்தை மாற்றி எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ‘பேட்டரி இஸ் ரன்னிங் லோ’வுக்குச் ‘சார்ஜ் குறைகிறது’ சரி.

ஒன்றுதான் பாக்கி. ‘அப் அண்ட் ரன்னிங்’. நிறுவி முடித்து எல்லாம் தயாரானதும் திரையில் வரும் செய்தி அது. ‘தயார்’ என்று எழுதினேன், சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

ஆலமரத்தடி

‘ஓட ஆரம்பிச்சாச்சு!’

நடுநிலையான்

‘எல்லாம் தயார், இனி பயன்படுத்தலாம்.’

வெள்ளவத்தை

நடுநிலையான் சொல்வதைப் போடுங்கள். ஆலமரத்தடி சொல்வதைப் போட்டால் எங்கட ஆட்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு யாரோ ஓடிவிட்டான் என்று நினைப்பினம்.